டால்பின் ஏன் மீன் இல்லை? கிரேக்கர்கள் இனம் பிரித்த முறை

#1 செவுள்

அரிஸ்டாட்டில் டால்பினை மீன்களோடு சேர்க்கவில்லை; சுறாவைச் சேர்த்தார். இரண்டும் கடலில் வாழ்கின்றன, இரண்டுக்கும் துடுப்பு இருக்கிறது. சுறாக்களில் குட்டி போடுபவை உண்டு என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருக்க, எந்த விதியை வைத்து இந்தக் கோட்டைக் கிழித்தார்?

பாடப்புத்தகச் சுருக்கம் எல்லோருக்கும் மனப்பாடம்: பிளேட்டோவுக்கு ‘வடிவம்’ (ஒன்றை அந்த இனமாக்கும் பொதுத்தன்மை) தனியே எங்கோ இருக்கிறது, அரிஸ்டாட்டிலுக்குப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு மீனைக்கூட இனம் பிரிக்க முடியாது. எனக்கு வேண்டியது வேலை நடந்த விதம். படிப்படியாக என்ன செய்தார்கள், எங்கே வழுக்கியது, ஏன்? மூல நூல்களில் பழக்கமுள்ளவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 பழஞ்சுவடி

சாக்ரடீஸிடமிருந்து தொடங்க வேண்டும். விதியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பிளேட்டோவின் ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் கேள்வி, ‘புனிதம் என்றால் என்ன?’ யூதிஃப்ரோ தன் தகப்பனார் மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்தவர். ‘இப்போது நான் செய்கிறேனே, இதுதான்’ என்கிறார். சாக்ரடீஸ் அதை ஏற்கவில்லை. ஒன்றிரண்டு உதாரணம் கேட்கவில்லை, புனிதமானவை எல்லாம் எதனால் புனிதமாகின்றனவோ அந்த ஒன்றைச் சொல் என்கிறார். இதில் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. அந்த இனத்தைச் சேர்ந்த அனைத்திலும் அது ஒன்றேயாக இருக்க வேண்டும். அதனால்தான் அவை அப்படி இருக்க வேண்டும். புதிதாக ஒன்று வந்தால் அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல அது அளவுகோலாகவும் உதவ வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார் என்பதைப் பின்னால் பார்க்கலாம். ‘எல்லாத் தெய்வங்களும் விரும்புவதே புனிதம்’ என்று யூதிஃப்ரோ திருத்துகிறார். இப்போது இரண்டு பட்டியல்களும் அச்சாகப் பொருந்துகின்றன என்றே வைத்துக்கொள்வோம்: தெய்வங்கள் விரும்பும் பொருள்கள் ஒரு பக்கம், புனிதமானவை மறுபக்கம். ஒன்றுகூட மிச்சமில்லை. அப்போதும் வரையறை தோற்கிறது. புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றன; விரும்புவதால் அது புனிதமாகவில்லை. யூதிஃப்ரோ சொன்னது அதற்கு நேர்வது ஒன்றை, அது என்னவாக இருக்கிறது என்பதை அல்ல.

நம் தர்க்கப் பாடத்தில் வரையறைக்கு அவ்வியாப்தி, அதிவியாப்தி என்று குற்றம் பார்ப்போம்: சேர வேண்டியது விடுபட்டதா, சேரக்கூடாதது நுழைந்ததா. சாக்ரடீஸ் இங்கே வைப்பது அந்த இரண்டையும் தாண்டிய பிறகு வரும் சோதனை. வரையறை ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். டால்பின் விவகாரம் இந்தச் சோதனையில்தான் முடியும், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

#3 மூட்டு

நிபந்தனை அது. அதை நிறைவேற்றும் கருவி பிளேட்டோவின் பிற்கால உரையாடல்களில் வருகிறது: சேர்த்தல், பிறகு பிரித்தல். சிதறிக் கிடப்பவற்றை ஒரே இனமாகக் கூட்டிப் பார்ப்பது முதல் வேலை. அதை உள்வகைகளாக வெட்டுவது இரண்டாவது. ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் இதற்குச் சொல்லும் உவமை கறி வெட்டுவது. இயற்கையான மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே வெட்ட வேண்டும், கைப்பழக்கமில்லாத கசாப்புக்காரர் மாதிரி எலும்பை உடைக்கக் கூடாது. ஆட்டுத் தொடையை வெட்டுபவரைப் பாருங்கள்: மூட்டில் கத்தி இறங்கினால் பலமே வேண்டாம், தானாக விலகும். ஒரு விரல் தள்ளி இறங்கினால் எலும்பு சில்லுச் சில்லாகக் கறியெல்லாம் கலக்கும். மூட்டு ஆட்டில் இருக்கிறது, கத்தியில் இல்லை. இனங்கள் நம் வசதிக்காகப் போட்ட கோடுகள் அல்ல என்பதைத்தான் பிளேட்டோ இப்படிச் சொல்கிறார்.

செய்முறைப் பயிற்சி ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் இருக்கிறது. எலேயா ஊரிலிருந்து வந்த விருந்தினர் தூண்டில்காரரை வரையறுத்துக் காட்டுகிறார். வெட்டுகள் வரிசையாக:

தொழில் தெரிந்தவரா, தெரியாதவரா? தெரிந்தவர். தொழில் என்றால் உண்டாக்குவதா, கைக்கொள்வதா? கைக்கொள்வது. கைக்கொள்வது கொடுக்கல் வாங்கலாலா, வசப்படுத்தியா? வசப்படுத்தி. வெளிப்படையாகப் போரிட்டா, மறைந்து வேட்டையாடியா? வேட்டை. உயிரற்றதையா, உயிருள்ளதையா? உயிருள்ளதை. தரையில் நடப்பதையா, நீந்துவதையா? நீந்துவதை. நீந்துவதில் சிறகுள்ள நீர்ப்பறவையையா, நீருக்குள் வாழ்வதையா? நீருக்குள் வாழ்வதை, அதாவது மீன்பிடி. வலை, கூடை போட்டு வளைத்தா, குத்தியா? குத்தி. இரவில் தீ வெளிச்சத்திலா, பகலில் முள்ளாலா? முள்ளால். அந்த முள் மேலிருந்து கீழே இறங்கும் மூன்று முனை ஈட்டியா, கீழிருந்து மேலே இழுக்கும் தூண்டிலா? தூண்டில்.

பத்து வெட்டு. கடைசியில் வலது கைப்பக்கம் தேர்ந்தெடுத்தவற்றை எல்லாம் கோத்துச் சொன்னால் வரையறை தயார். தூண்டிலில் ஈட்டி மாதிரி உடம்பில் எங்கும் குத்துவதில்லை, தலை, வாய்ப் பகுதியில் மட்டும் குத்தும் என்பதுவரை அந்த விருந்தினர் சொல்கிறார்.

#4 செவுள்

அருமை. ஆனால் ஒரு சந்தேகம். அவர் எப்போதும் வலது பக்கம் போகிறார், ஏனென்றால் தூண்டில்காரர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்கு முன்பே தெரியும். வெட்டு சரியான மூட்டில் விழுந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

#5 மூட்டு

சரியான இடத்தில் கேட்டீர்கள். அதே உரையாடல் தரும் முதல் எச்சரிக்கை: அடுத்து சோஃபிஸ்டை, அதாவது கூலிக்கு வாதக்கலை கற்பிப்பவரை, பிடிக்கப் போகும்போது ஒன்றல்ல, பல வரையறைகள் வந்து விழுகின்றன. பணக்கார இளைஞர்களை வேட்டையாடுபவர், கல்விச் சரக்கை ஊர் ஊராக விற்பவர், வாதச் சண்டைக்காரர், இன்னும் சில. ஒரே பொருள் பல கிளைகளில் தலைகாட்டினால், எதில் அவை எல்லாம் ஒன்று கூடுகின்றனவோ அந்த இடம் நம் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். விருந்தினரே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாவது எச்சரிக்கை ‘ஸ்டேட்ஸ்மன்’ என்று நாம் சொல்லும் அரசியலாளர் உரையாடலில். இளைய சாக்ரடீஸ் (தத்துவஞானி அல்ல, அதே பெயருள்ள இளைஞர்) மந்தை மேய்ப்பதை ஒரே வெட்டில் ‘மனிதர், மற்ற விலங்குகள்’ என்று பிளக்கிறார். விருந்தினர் தடுக்கிறார். பகுதி வேறு, இனம் வேறு. ஒவ்வொரு இனமும் ஒரு பகுதிதான். ஒவ்வொரு பகுதியும் இனம் ஆகாது. கிரேக்கர்கள் தங்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத எண்ணற்ற மக்களையெல்லாம் ‘பார்பரோய்’ என்று ஒரே பெயரில் கட்டியது அப்படிப்பட்ட பிழை என்கிறார். எண்களில் 10,000 என்ற ஒன்றை மட்டும் தனியே எடுத்து, மிச்ச எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைப்பது மாதிரி. எண்ணை ஒற்றை, இரட்டை என்று நடுவில் வெட்டு. மனிதரை ஆண், பெண் என்று வெட்டு.

கொக்கு வகையைச் சேர்ந்த நாரைக்கு அறிவு இருந்தால் அதுவும் ‘நாரைகள், மற்றவை’ என்றுதான் பிரிக்கும், அந்த ‘மற்றவை’யில் நம்மையும் போட்டுவிடும் என்கிறார். ஒரு கிரேக்கர், கிரேக்க வாசகர்களுக்கு, கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதியது இது. இந்தப் பத்தியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நடைமுறை விதி இதுதான்: உங்கள் வெட்டின் ஒரு பக்கத்துக்கு ‘மற்றவை’ என்பதைத் தவிர வேறு பெயரே கிடைக்கவில்லை என்றால் கத்தி எலும்பில் இறங்கியிருக்கிறது.

#6 நான்காம்படி

மூட்டு சொன்ன கடைசி விதியை எடுத்துக்கொண்டுதான் அரிஸ்டாட்டில் இந்த முறையையே தாக்குகிறார். ‘விலங்குகளின் உறுப்புகள்’ முதல் புத்தகம், இரண்டு, மூன்றாம் அதிகாரங்கள். இரண்டிரண்டாகப் பிரிப்பதில் அவர் காட்டும் பழுதுகளில் முக்கியமானவை:

ஒன்று, இயற்கையாகச் சேர்ந்திருக்கும் இனம் கிழிகிறது. முதல் வெட்டை ‘தரை, நீர்’ என்று போட்டால் பறவைகளில் பாதி ஒரு பக்கம், நீர்ப்பறவைகள் மீன்களோடு மறுபக்கம். மேலே மூட்டு எழுதிய தூண்டில் வரிசையில் ஏழாவது வெட்டைத் திரும்பப் பாருங்கள். அச்சு அசலாக அதே தவறு.

இரண்டு, இன்மைக்கு உள்வகை கிடையாது. சிறகுள்ளது என்றால் நீளச் சிறகு, குட்டைச் சிறகு என்று மேலே பிரிக்கலாம். ‘சிறகற்றது’ என்பதை எதை வைத்துப் பிரிப்பது? இல்லாத ஒன்று எத்தனை வகையாக இல்லாமலிருக்க முடியும்? ஒவ்வொரு இரட்டைப் பிளவிலும் ஒரு பக்கம் இப்படி முட்டுச்சந்தாகிறது.

மூன்று, ஒரே இனம் இரண்டு பக்கமும் விழுகிறது. எறும்பில் இறக்கையுள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பழகியது, காட்டில் திரிவது என்ற வெட்டும் அப்படியே. குதிரை, மாடு, பன்றி, ஆடு இவற்றிலெல்லாம் இரண்டும் இருக்கின்றன என்கிறார். இந்தியாவிலுள்ள நாய்களும் அந்தப் பட்டியலில் வருகின்றன. ‘ஸ்டேட்ஸ்மன்’ வரிசையில் பழகிய விலங்கு என்பது ஒரு படி என்பதை நினைவில் வைத்தால் அடி யார் மேல் விழுகிறது என்று தெரியும்.

நான்காவதுதான் ஆழமானது. காலுள்ளது, அதில் பிளவுபட்ட பாதம் என்று ஒரே கோட்டில் இறங்கினால் கடைசிப் பண்பே போதும். ‘பிளவுபட்ட பாதம்’ என்றாலே கால் இருக்கிறது. முன் படிகள் வீண் சொல். அதற்காகக் கோட்டை மாற்றி, காலுள்ளது, அதில் வெள்ளை, கறுப்பு என்று இறங்கினால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கால் இருப்பது நிறத்தால் வகைப்படுவதில்லை. ஆக ஒரே கோட்டில் போனால் ஒரே ஒரு பண்புதான் மிஞ்சும், கோடு மாறினால் தற்செயல் பண்பு நுழையும். ஒற்றைப் பண்பை வைத்து ஒரு பறவையைப் பிடிக்க முடியுமா?

அவர் சொல்லும் மாற்று: தொடக்கத்திலேயே பல பண்புகளை ஒருசேர எடுத்துக்கொண்டு பிரி. பறவை, மீன் என்று பொதுமக்கள் ஏற்கெனவே பெயர் வைத்த பேரினங்களிலிருந்து தொடங்கு. மக்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்கிறார்.

#7 பழஞ்சுவடி

நான்காம்படி, பிளேட்டோவுக்கு ஒரு சிறு நியாயம் செய்ய வேண்டும். இரண்டாகவே வெட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதே ‘ஸ்டேட்ஸ்மன்’ உரையாடலின் பிற்பகுதியில், நகரத்துக்குத் தேவையான தொழில்களைப் பிரிக்கும்போது, இரண்டாக வெட்ட முடியாத இடத்தில் பலி விலங்கை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பது போலப் பிரி என்கிறார். இரண்டுக்கு எவ்வளவு அருகில் நிற்க முடியுமோ அவ்வளவு அருகில் நில் என்பதுதான் விதி. அரிஸ்டாட்டில் தாக்குவது ‘எழுதப்பட்ட பிரிவுகள்’ என்று ஏதோ ஒரு தொகுப்பை. ஆசிரியர் பெயரை அவர் சொல்லவில்லை.

பிளேட்டோவின் அகாதமியில் இந்தப் பயிற்சி எப்படி நடந்தது என்பதற்கு வெளியார் சாட்சி ஒன்றும் உண்டு. நகைச்சுவை நாடகக்காரர் எபிக்ரடீஸ் எழுதியதில் ஒரு துண்டு, அதெனேயஸ் என்ற பிற்காலத் தொகுப்பாசிரியர் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. மாணவர்கள் தலை குனிந்து ஒரு காயை ஆராய்கிறார்கள். ஒருவர் உருண்டைக் காய்கறி என்கிறார், ஒருவர் புல் என்கிறார், ஒருவர் மரம் என்கிறார். பிளேட்டோ கோபப்படாமல், எந்த இனம் என்று மறுபடியும் முதலிலிருந்து பிரிக்கச் சொல்கிறார். அந்தக் காயைப் பல மொழிபெயர்ப்புகள் பூசணி என்று போட்டுவிட்டன. நாம் இன்று பூசணி, பரங்கி என்று காட்டும் மஞ்சள் காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, ஏதென்ஸில் அன்று இருந்திருக்க வழியில்லை. ‘சுரைக்காய்’ என்று எழுதுவதே பொருத்தம்.

#8 கணவாய்

இப்போது செவுள் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். விலங்கு நூல்களை மட்டும் வைத்து.

பிளேட்டோ கி.மு. 347இல் இறந்த பிறகு அரிஸ்டாட்டில் ஏதென்ஸை விட்டுப் போனார். கி.மு. 340களில் சிறிது காலம் லெஸ்பாஸ் தீவில் இருந்தார். அந்தத் தீவின் உள்வாங்கிய பிர்ரா கடற்கழி அவருடைய கடல் உயிரிக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘விலங்குகள் பற்றிய ஆய்வு’ நூலில் இரத்தமுள்ளவை, இரத்தமற்றவை என்று இரு பெரும் தொகுதிகள். அதற்குள் பறவை, மீன், திமிங்கில வகை, பிறகு கணவாய் போன்ற மெல்லுடலிகள், நண்டு போன்ற மென்னோட்டினர், சிப்பி போன்ற வன்னோட்டினர், பூச்சிகள் என்று பேரினங்கள். குட்டி போடும் நான்கு கால் விலங்குகளுக்குப் பொதுப்பெயர் இல்லை என்று வெளிப்படையாகவே குறிக்கிறார்.

டால்பினுக்கு அவர் சேர்த்து வைத்திருக்கும் தகவல்கள்: செவுள் இல்லை, ஊதுதுளை உண்டு. நுரையீரல் உண்டு. பால் கொடுக்கும். தூங்கும்போது முகவாயை நீருக்கு மேலே நீட்டிக்கொள்ளும், குறட்டைவிடக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வலையில் மாட்டினால் மூச்சுத் திணறிச் சீக்கிரம் செத்துப்போகும். கடைசிக் குறிப்பு மீன்பிடிப்பவர்களிடமிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும், வேறு யார் பார்க்கப் போகிறார்கள்?

குட்டி போடுவதால்தானே டால்பின் மீன் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அரிஸ்டாட்டில் அந்த வழியில் போகவே இல்லை. ‘வழுவழுச் சுறா’ என்று அவர் சொல்லும் வகையில் குட்டி கருப்பையோடு தொப்புள்கொடியால் இணைந்திருக்கும் என்று எழுதியிருக்கிறார். பல நூற்றாண்டுகள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1842இல் ஜெர்மானிய உடலியலாளர் யோஹானஸ் முல்லர் அறுத்துப் பார்த்து உறுதி செய்தார். இவ்வளவு தெரிந்தும் அந்தச் சுறா மீனாகவே இருக்கிறது. செவுளால் நீரை உள்வாங்குகிறது, அவ்வளவுதான் காரணம்.

ஏன் செவுளுக்கு இந்த எடை? அவர் கணக்கில் இரத்தமுள்ள எந்த உயிருக்கும் இதயத்தின் வெப்பத்தைத் தணித்தாக வேண்டும். மீன் நீரால் தணிக்கிறது, அதற்குச் செவுள். டால்பின் காற்றால் தணிக்கிறது, அதற்கு நுரையீரல். மூச்சு வெப்பத்தைத் தணிக்கத்தான் என்ற அவருடைய உடலியல் தவறு. ஆனால் பழஞ்சுவடி சொன்ன ‘ஏன்’ சோதனையை இந்தப் பண்பு தாண்டுகிறது. கடலில் இருப்பதும் துடுப்பும் உருவமும் அதைத் தாண்டவில்லை.

#9 செவுள்

இது நான் எதிர்பார்க்காத பதில். ஆக பிறப்பு முறை இனத்தைத் தீர்மானிக்காதா?

#10 கணவாய்

அதைத் தனியாகவே சோதித்திருக்கிறார், ‘விலங்குகளின் பிறப்பு’ இரண்டாம் புத்தகத் தொடக்கத்தில். கால்களை ஒரு பக்கமும் பிறப்பு முறையை இன்னொரு பக்கமும் வைத்துக் கட்டம் போட்டுப் பாருங்கள். இரண்டு கால்: மனிதர் குட்டி ஈனுவர், பறவை முட்டையிடும். நான்கு கால்: குதிரை, மாடு குட்டி, பல்லி, முதலை முட்டை. கால் இல்லாதவை: விரியன் பாம்பும் சுறா வகையும் குட்டி, மற்றப் பாம்புகளும் மற்ற மீன்களும் முட்டை. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது. அப்படியானால் கால் எண்ணிக்கை பிறப்பு முறைக்குக் காரணமில்லை. இனங்கள் ஒன்றின்மேல் ஒன்று பெரிதும் கவிந்து கிடக்கின்றன என்கிறார். உண்மையான காரணத்தை வெப்பம், ஈரம் இவற்றில் தேடி, இரத்தமுள்ள நுரையீரலை அந்த வெப்பத்துக்கு அடையாளமாக வைக்கிறார்.

இந்தக் கட்டம் போடும் முறையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். இரண்டு பண்புகளை எடு, எல்லாச் சேர்க்கைக்கும் உதாரணம் தேடு. எல்லாம் நிரம்பினால் ஒன்று மற்றதற்குக் காரணமில்லை. ஒரு கட்டம் எப்போதும் காலியாகவே இருந்தால் அங்கே நின்று தோண்டு.

அப்படித் தோண்டிய இடம் கொம்பு. கொம்புள்ள விலங்குகளுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை, வயிறு ஒன்றுக்கு மேற்பட்டது. ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தால் தெரியும்: கீழே பல்வரிசை, மேலே வெறும் கெட்டித் திண்டு. பல்லுக்குப் போக வேண்டிய மண்பொருள் கொம்புக்குப் போய்விட்டது, மெல்ல முடியாததால் வயிறுகள் கூடின என்கிறார். ஒட்டகம் இடறுகிறது. கொம்பு இல்லை, ஆனால் வயிறுகள் பல. முள்ளும் கட்டையுமான தீனிக்கு அது வேண்டியிருக்கிறது, மிஞ்சிய பொருள் மேலண்ணத்தைக் கெட்டிப்படுத்தப் போகிறது என்று விளக்கம் சொல்கிறார். விதிவிலக்கை ஒதுக்கித் தள்ளாமல் அதற்கும் ஒரு ‘ஏன்’ தேடுவதைக் கவனியுங்கள்.

#11 நான்காம்படி

கணவாய் எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேரினம் எங்கே முடிகிறது என்று தெரியாது. ஒரே இனத்துக்குள் வேறுபாடு கூடுதல் குறைவில் இருக்கும்: நீள இறகு, குட்டை இறகு. இனம் மாறினால் ஒப்புமைதான் மிஞ்சும்: பறவைக்கு இறகு எப்படியோ மீனுக்குச் செதில் அப்படி. எலும்பு, மீன்முள், கணவாயின் ஓடு (நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது) மூன்றுக்கும் ஒரே பெயர் கிடையாது, ஆனால் செய்யும் வேலை ஒன்று என்று தர்க்க நூலிலேயே எழுதியிருக்கிறார். இழுத்தோ குறுக்கியோ ஒன்றை இன்னொன்றாக்க முடிந்தால் ஒரே பேரினம். முடியாமல் ‘அதற்கு இது எப்படியோ’ என்று சொல்ல நேர்ந்தால் எல்லை தாண்டிவிட்டோம்.

ஒரு எச்சரிக்கையும். கெனோஸ், எய்தோஸ் என்ற சொற்களைப் பேரினம், சிற்றினம் என்று நாம் மொழிபெயர்த்ததும் நவீன உயிரியல் வகைப்பாட்டை வகுத்த லின்னேயஸின் அடுக்கு மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. விலங்கு நூல்களில் அப்படி நிலையான படிநிலை இல்லை. சிறிய கூட்டத்தைக் கெனோஸ் என்பார், பெரிய கூட்டத்தை எய்தோஸ் என்பார். ஆய்வாளர் டேவிட் பாம் 1962இல் வெளியிட்ட கட்டுரையில் இடம் இடமாக எடுத்துக் காட்டிவிட்டார்.

#12 ஏழாம்வெட்டு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வரையறை பற்றிப் பேசும்போது எல்லோரும் டயோஜனீஸின் கோழியைச் சொல்வார்கள், இங்கே யாரும் சொல்லவில்லையே. ‘இறகற்ற இருகால் விலங்கு மனிதன்’ என்ற வரையறைக்குக் கோழியை உரித்துக் கொண்டுபோய், ‘இதோ பிளேட்டோவின் மனிதன்’ என்று போட்டார், உடனே ‘தட்டையான நகமுள்ள’ என்று சேர்த்தார்கள். அத்தோடு பிளேட்டோ காலி இல்லையா?

#13 பழஞ்சுவடி

இல்லை நண்பரே. டயோஜனீஸ் லயேர்ட்டியஸ் (அதே பெயருள்ள வேறொருவர், தத்துவஞானிகளின் வரலாறு எழுதியவர்) பல நூற்றாண்டு கழித்து எழுதிய செய்தி அது. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், கோழி காட்டுவது அதிவியாப்தி மட்டும்: சேரக்கூடாத ஒன்று உள்ளே வந்துவிட்டது. தட்டை நகம் அதை அடைத்துவிடும், பட்டியல் சரியாகிவிடும். ஆனால் தட்டை நகத்தாலா மனிதன் மனிதனாகிறான்? யூதிஃப்ரோவின் ‘தெய்வம் விரும்புவது’ எந்த இடத்தில் தோற்றதோ அதே இடத்தில் இதுவும் தோற்கிறது. எதிருதாரணம் இல்லாத வரையறையும் வரையறை ஆகாமல் போகலாம் என்பதுதான் இங்கே பாடம்.

அரிஸ்டாட்டில் இதற்குத் தனிப்பெயரே வைத்தார். அந்த இனத்துக்கு மட்டும், அந்த இனம் முழுக்க இருந்தும், அது என்னவென்று சொல்லாதது ‘இடியன்’, தனியியல்பு. எழுத்தறிவு பெறக்கூடிய தன்மை மனிதனுக்குத் தனியியல்பு என்பது அவருடைய ‘டாபிக்ஸ்’ நூல் தரும் உதாரணம். சோதனை: மற்றதிலிருந்து இது வருகிறதா, இதிலிருந்து மற்றவை வருகின்றனவா? பகுத்தறிவு இருப்பதால் எழுத்தறிவு வரும், எழுத்தறிவால் பகுத்தறிவு வராது.

‘பகுத்தறிவுள்ள, இறக்கும் விலங்கு’ என்ற முழு வரையறையைப் பரப்பியது பிற்காலத் தத்துவஞானி போர்ஃபிரி. கி.பி. 270 வாக்கில் சிசிலியில் எழுதிய அறிமுக நூலில் பேரினம், சிற்றினம், வேறுபாடு, தனியியல்பு, தற்செயல் என்ற ஐந்தையும் விளக்குகிறார். ‘இறக்கும்’ என்ற சொல் ஏன் என்று பலர் திகைப்பார்கள். அவர்களுக்குத் தெய்வங்களும் பகுத்தறிவுள்ள உயிர்கள். அவர்களிடமிருந்து பிரிக்க அந்தச் சொல் வேண்டும். இனங்களைக் கிளை கிளையாகக் காட்டி, போர்ஃபிரி மரம் என்று இன்று அச்சிடும் படத்தை அரிஸ்டாட்டிலின் மரம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

#14 மூட்டு

பிளேட்டோவை உண்மையில் திணறடிப்பது கோழி அல்ல, அவரே எழுதிய ‘பார்மெனிடீஸ்’. பெரியவை பல இருக்கின்றன. அவை ‘பெருமை’ (பெரிதாக இருத்தல்) என்ற ஒரே வடிவத்தால் பெரியவை. சரி. இப்போது அந்தப் பெரிய பொருள்களையும் பெருமையையும் சேர்த்து ஒரே பார்வையில் பார். எல்லாமே பெரியவையாகத் தெரிந்தால், அவை எல்லாம் பெரியவையாக இருக்க இன்னொரு பெருமை வேண்டும். அதையும் சேர், மூன்றாவது. முடிவே இல்லை. அரிஸ்டாட்டில் இதை ‘மூன்றாம் மனிதன்’ என்று அழைக்கிறார்.

இந்த வாதத்தைத் தாங்கும் மூன்று பலகைகளில் எது உடைகிறது என்று பார்க்க வேண்டும். பலவற்றின் மேல் ஒன்று உண்டு. அந்த ஒன்று தானும் அப்பண்புடையது. எதுவும் தன்னால் தான் அப்படி ஆவதில்லை. ஆய்வாளர் கிரகரி விளாஸ்டோஸ் 1954இல் பின்னிரண்டையும் பிரித்துக் காட்டியதிலிருந்து விவாதம் அங்கேதான் நடக்கிறது. நடுப்பலகையை எடுத்தால் போதும் என்பது என் முடிவு. பெருமை என்பது ஒரு பெரிய பொருள் அல்ல. ஆனால் எடுத்தால் ‘யூதிஃப்ரோ’வில் கேட்ட அளவுகோல் வேலை கேள்விக்குள்ளாகும், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அதே உரையாடலில் தலைமுடிக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும் வடிவம் உண்டா என்று கேட்டபோது இளம் சாக்ரடீஸ் இல்லை என்று தயங்குகிறார். வயது போதாது, அதனால்தான் இவற்றை அற்பமாக நினைக்கிறாய் என்று பார்மெனிடீஸ் சொல்கிறார்.

#15 நான்காம்படி

அரிஸ்டாட்டிலுக்குப் பின் வந்த ஸ்டோயிக் பள்ளிச் சிந்தனையாளர்கள் இந்தச் சிக்கலைச் சொல்லமைப்பிலேயே அவிழ்த்தார்கள். அவர்களில் ஒருவரான கிரிசிப்பஸ் பெயரில் வரும் வாதம்: ஒருவர் மெகாரா நகரில் இருந்தால் ஏதென்ஸில் இல்லை, மனிதன் மெகாராவில் இருக்கிறான், ஆகவே ஏதென்ஸில் மனிதன் இல்லை. பொதுவான ‘மனித’னை ஓர் ஆளாக நடத்தினால் இந்த அபத்தம் வரும். அதனால் வரையறையை நிபந்தனை வாக்கியமாக மாற்றினார்கள்: ஏதாவது ஒன்று மனிதன் என்றால், அது பகுத்தறிவுள்ள, இறக்கும் உயிர். மனிதன் என்ற பொதுப்பொருள் வாக்கியத்திலேயே இல்லை. மிகச் சுத்தமான வேலை. ஆனால் ‘ஏன்’ சோதனைக்கு இது மட்டும் பதில் தராது.

#16 செவுள்

ஒரே ஒரு கேள்வி பாக்கி. எந்தப் பக்கமும் ஒட்டாத உயிர்களை என்ன செய்தார்கள்?

#17 கணவாய்

அதற்கு ஒரு வினைச்சொல்லே வைத்திருந்தார், ‘எபாம்ஃபோதெரிசைன்’, இரண்டு பக்கமும் சாய்தல். கடல்நாய் நீர்வாழ்வனவும் தரைவாழ்வனவும் சேர்ந்தது. நீர்விலங்காகப் பார்த்தால் கால் இருக்கிறது, தரைவிலங்காகப் பார்த்தால் பின்கால் மீனின் வால் மாதிரி. வௌவாலும் தீக்கோழியும் அதே பத்தியில். மூன்றாவது பெட்டி ஒன்று செய்து அதில் போடவில்லை. எந்தப் பண்பில் எந்தப் பக்கம் என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.

அவருடைய மாணவரும் லெஸ்பாஸ் தீவின் எரெசோஸ் ஊர்க்காரருமான தியோஃப்ராஸ்டஸ் செடிகளை மரம், புதர், சிறுபுதர், பூண்டு என்று நான்காகப் பிரித்ததும், இவை ஒன்றோடொன்று கலக்கும், வரையறையைத் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்க்கிறார். உதாரணம் மாலோ செடி. பூண்டு வகைதான், ஆனால் ஆறேழு மாதத்தில் ஈட்டி அளவு நீளமும் தடிமனும் வந்துவிடும், அதை ஊன்றுகோலாகப் பயன்படுத்துகிறார்கள் என்கிறார்.

#18 நான்காம்படி

கோவேறு கழுதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மனிதன் மனிதனைப் பெறுகிறான்’ என்பது அரிஸ்டாட்டிலின் அடிப்படை வாக்கியம்: வடிவம் பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது, தனியே நிற்கும் முன்மாதிரி எதுவும் தேவையில்லை. குதிரைக்கும் கழுதைக்கும் பிறப்பது இரண்டும் இல்லை. ‘மெட்டாஃபிசிக்ஸ்’ ஏழாம் புத்தகத்தில் அதை நேராக எடுத்துக்கொள்கிறார். குதிரைக்கும் கழுதைக்கும் மிக நெருக்கமான பொது இனம் ஒன்று உண்டு, அதற்குப் பெயர் இல்லை; அந்தப் பெயரில்லாத இனம் இரண்டுமாக இருக்கும், கோவேறு கழுதையைப் போல. அது ஏன் ஈனுவதில்லை என்பதற்கு ‘விலங்குகளின் பிறப்பு’ இரண்டாம் புத்தகத்தின் கடைசி அதிகாரம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார். முன்னோடித் தத்துவஞானிகளான எம்பெடாக்ளிஸும் டெமாக்ரிடஸும் சொன்ன விளக்கங்களை முதலில் எடுத்து மறுத்துவிட்டுத்தான் தன்னுடையதைச் சொல்கிறார்: கழுதை இயல்பிலேயே குளிர்ந்த விலங்கு, அதன் வித்தும் குளிர்ந்தது.